வாசகர் கேள்வி–பதில்: பஃபர் இப்போது யார் கையில்?

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் டிஎம்ஏ பற்றியவை. செயலி (சிபியூ) ஒவ்வொரு பைட்டாக எடுத்து வைக்காமல், சாதனமோ டிஎம்ஏ கன்ட்ரோலரோ நினைவகத்தில் நேரடியாகப் படித்து எழுதும் ஏற்பாடு அது. அப்படித் தரவு வந்து தங்கும் நினைவகத் துண்டுதான் பஃபர்; கன்ட்ரோலரில் தரவு போகும் ஒவ்வொரு பாதையும் ஒரு சேனல். பதில்கள் லினக்ஸ் கர்னலை வைத்துச் சொல்லப்பட்டவை. ஃபங்ஷன் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதி, அடிக்கோட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.

கேள்வி: போர்டு பூட் ஆகும்போது என் டிரைவருக்குச் சில நேரம் டிஎம்ஏ சேனல் கிடைக்கிறது, சில நேரம் மைனஸ் 517 என்ற பிழை வந்து நின்றுவிடுகிறது. ஒரு முறை பிழையே சொல்லாமல் கர்னல் விழுந்தது. சேனலை வேறு டிரைவர் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

பதில்: யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மைனஸ் 517 என்பது ஈப்ரோப்_டிஃபர். கன்ட்ரோலரின் டிரைவர் இன்னும் ஏறவில்லை, பிறகு வந்து கேள் என்று பொருள். டிரைவர்கள் எந்த வரிசையில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் ஒரு பூட்டில் கிடைப்பது அடுத்த பூட்டில் கிடைப்பதில்லை. வந்த எண்ணை அப்படியே ப்ரோபிலிருந்து (சாதனத்தைத் தயாராக்கக் கர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) திருப்புங்கள், கன்ட்ரோலர் தயாரானதும் கர்னலே உங்கள் ப்ரோபை மறுபடி ஓட்டும். நீங்களாக மைனஸ் 19 போன்ற வேறு எண்ணைத் திருப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும். செய்தி அச்சிட டெவ்_எர்_ப்ரோப் போதும். 517 என்றால் அது லாகில் பிழை என்று கத்தாது.

கர்னல் விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_சேன் தோற்றால் வெற்றுச் சுட்டியைத் தராது, பிழை எண்ணையே சுட்டியாக்கித் தரும். பழைய டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_ஸ்லேவ்_சேனல் வெற்றுச் சுட்டி தந்தது. பழைய கோடில் பெயரை மட்டும் மாற்றி, ‘சுட்டி வெறுமையா’ என்ற சோதனையை அப்படியே விட்டால், பிழைச் சுட்டி சோதனையைத் தாண்டிவிடும். அதை நிஜச் சேனலாக நினைத்துத் தொட்ட இடத்தில் கர்னல் விழும். இஸ்_எர் கொண்டு சோதியுங்கள்.

சேனல் இல்லாவிட்டால் செயலியே நகர்த்தட்டும் என்று மாற்றுவழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 517-ஐக் கண்டதும் மாற்றுவழிக்குத் தாவாதீர்கள். தாவினால் சில பூட்டில் வேகமாகவும் சில பூட்டில் மந்தமாகவும் ஓடுகிற சாதனம் கிடைக்கும், ஏன் என்று ஒருவருக்கும் புரியாது. சேனல் உண்மையிலேயே இல்லை என்று மைனஸ் 19 வந்தால் மட்டும் தாவலாம். எல்லாம் சரியாக இருந்தும் 19 வருகிறதென்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள வன்பொருளை விவரிக்கும் கோப்பு) சேனல் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ‘ஆர்எக்ஸ்’, ‘டிஎக்ஸ்’ என்ற பெயர்கள் நீங்கள் கேட்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: டிஎம்ஏ வேலையைப் பிரெப் (தயார்) செய்கிறேன், சப்மிட் செய்கிறேன், குக்கியும் (வேலையின் அடையாள எண்) வருகிறது. ஆனால் ஒரு பைட்டும் நகரவில்லை, கால்பேக்கும் (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்) வரவில்லை. எங்கே தவறு?

பதில்: டிஎம்ஏஎஞ்சின்_சப்மிட் வேலையை வரிசையில் வைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டத்தைத் தொடங்கிவைப்பது டிஎம்ஏ_அசிங்க்_இஷ்யூ_பெண்டிங். அதை அழைக்காவிட்டால் வேலை வரிசையிலேயே காத்துக் கிடக்கும். பிரெப்புக்கும் சப்மிட்டுக்கும் நடுவில் வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள். சில கன்ட்ரோலர் டிரைவர்கள் அந்த இடைவெளியில் ஸ்பின்லாக் (தூங்காமல் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கக்கூடும்.

அழைத்த பிறகும் நகரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஸ்லேவ் கான்ஃபிகில் (சேனலுக்குச் சாதனத்தைப் பற்றிச் சொல்லும் அமைப்பு) நீங்கள் தரும் ஃபிஃபோ (சாதனத்தின் தரவு வரிசை) முகவரி, சாதன ரெஜிஸ்டரின் பௌதிக முகவரியாக இருக்க வேண்டும். ஐஓரீமேப் தந்த சுட்டியை அங்கே போடுவது முதல் டிஎம்ஏ டிரைவர் எழுதுகிற பலரும் செய்யும் தவறு. அது செயலிக்கு மட்டும் புரிகிற மெய்நிகர் முகவரி, கன்ட்ரோலருக்கு அது வெறும் எண்.

அடுத்தது, பஃபரை எந்தச் சாதனத்தின் பெயரில் மேப் செய்தீர்கள் (அதாவது, எந்தச் சாதனம் எட்டும் முகவரியாக மாற்றினீர்கள்) என்பது. நினைவகத்தைத் தொடுவது டிஎம்ஏ கன்ட்ரோலர், உங்கள் எஸ்பிஐயோ யூஆர்டியோ (தொடர் இணைப்புச் சாதனங்கள்) அல்ல. ஆகவே சேனலுக்குள் இருக்கும் கன்ட்ரோலரின் டிவைஸ் சுட்டியைத்தான் மேப்பிங் ஃபங்ஷனுக்குத் தர வேண்டும். ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் தொடும் முகவரிகளை மொழிபெயர்த்துக் காவல் காக்கும் வன்பொருள்) இல்லாத போர்டில் இந்தத் தவறு வெளியே தெரியாமலே ஓடும். ஐஓஎம்எம்யூ உள்ள போர்டுக்குப் போன அன்றைக்கு உதை விழும்.

மூன்றாவது மேக்ஸ்பர்ஸ்ட், அதாவது ஒரு தடவைக்கு நகர்த்தும் உச்ச அளவு. இதன் அலகு பைட் அல்ல. அகலம் என்று எதைச் சொன்னீர்களோ அதன் மடங்கு. அகலம் 4 பைட், மேக்ஸ்பர்ஸ்ட் 8 என்றால் ஒரு தடவைக்கு 32 பைட் போகும். 32 பைட் வேண்டும் என்று நினைத்து 32 என்றே எழுதினால் 128 பைட். சாதனத்தின் ஃபிஃபோ 16 சொல் ஆழம், அதாவது 64 பைட் மட்டுமே என்றால், அனுப்பும்போது நிரம்பி வழியும். பெறும்போது இல்லாத தரவைப் படித்து வரும். ஃபிஃபோவின் வாட்டர்மார்க் அளவும் மேக்ஸ்பர்ஸ்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 8 சொல் வந்ததும் கோரிக்கை எழுப்பு என்று சாதனத்திடம் சொல்லியிருந்தால் கன்ட்ரோலரும் 8 சொல்லைத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் டிரைவரா, கன்ட்ரோலர் டிரைவரா, எதில் கோளாறு என்று பிரித்தறிய கர்னலோடு வரும் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூல் உண்டு. நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகலெடுக்கத் தெரிந்த சேனலாக இருந்தால், அதன் பெயரை மாட்யூலின் ‘சேனல்’ அளவுருவிலும் 1-ஐ ‘ரன்’ அளவுருவிலும் எழுதினால் போதும். அது தேறிவிட்டால் கன்ட்ரோலர் பக்கம் அடிப்படையில் சரி என்று வைத்துக்கொண்டு உங்கள் கோடுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: ஃபங்ஷனுக்குள்ளே 64 பைட் அரே ஒன்றை அறிவித்து அதையே டிஎம்ஏவுக்குத் தந்தேன். பழைய கர்னலில் ஓடியது, புதியதில் எச்சரிக்கை வருகிறது.

பதில்: பழையதில் ஓடியது அதிர்ஷ்டம். ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரே ஸ்டாக்கில்தான் இருக்கும். 4.9 முதல் கர்னல் ஸ்டாக்கையே விமேலாக் பகுதியில் வைக்கும் வசதி உண்டு. அங்கே அடுத்தடுத்த பக்கங்கள் பௌதிக நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேமேலாக் (பௌதிகமாக அடுத்தடுத்த நினைவகம் தரும் ஃபங்ஷன்) செய்து கொடுங்கள். விமேலாக் நினைவகத்துக்கும் இதே தடைதான்.

கேள்வி: சென்சாரிலிருந்து 32 பைட் படிக்கும் டிரைவர். பிசியில் மாதக்கணக்கில் பிழையில்லாமல் ஓடியது. அதே கோடை ஆர்ம் போர்டில் ஏற்றினால் ஆயிரத்தில் ஒரு தடவை பழைய தரவு வருகிறது. இன்னும் விசித்திரமாக, பஃபருக்குப் பக்கத்தில் உள்ள ‘கவுண்ட்’ மாறி தானாகவே பின்னோக்கிப் போகிறது! ஸ்ட்ரக்டில் லாக் (பூட்டு), கவுண்ட், 32 பைட் பஃபர், ஸ்டேட் என்ற வரிசையில் வைத்திருக்கிறேன்.

பதில்: காரணம் நீங்கள் எழுதிய அந்த வரிசையிலேயே இருக்கிறது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

செயலி நினைவகத்தைப் பைட் பைட்டாகத் தொடுவதில்லை. கேச் லைன் என்ற துண்டாகத்தான் எடுக்கும், துண்டாகத்தான் திருப்பி வைக்கும். லைன் 64 பைட் என்று கொள்வோம். உங்கள் கவுண்ட்டும் பஃபரும் ஒரே லைனில் உட்கார்ந்திருக்கின்றன. பெறும் திசையில் டிஎம்ஏ_மேப்_சிங்கிள் அழைத்ததும் அந்த லைன் கேச்சிலிருந்து நீக்கப்படுகிறது. அந்த நொடியிலிருந்து பஃபர் சாதனத்தின் கையில். சாதனம் 32 பைட்டை நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதே சமயம் இன்னொரு இடத்தில் உங்கள் கோட் கவுண்ட்டைக் கூட்டுகிறது. கவுண்ட்டைத் தொட, செயலி லைன் முழுவதையும் கேச்சுக்குக் கொண்டுவருகிறது. சாதனம் எழுதி முடிக்கும் முன்பே கொண்டுவந்துவிட்டால், கேச்சில் இருப்பது பழைய 32 பைட்டும் புதிய கவுண்ட்டும்.

இனி இரண்டில் ஒன்று நடக்கும். வேறு தரவுக்கு இடம் தேவைப்பட்டு அந்த லைன் நினைவகத்துக்குத் திரும்ப எழுதப்பட்டால், சாதனம் வைத்த புதிய தரவின் மேல் பழைய பைட்டுகள் ஏறிவிடும். அல்லது, வேலை முடிந்து அன்மேப் செய்யும்போது லைன் எழுதப்படாமலே தூக்கி எறியப்பட்டால் கவுண்ட்டின் புதிய மதிப்பு அதோடு தொலையும். முதலாவது உங்கள் ‘பழைய தரவு’, இரண்டாவது ‘பின்னோக்கிப் போகும் கவுண்ட்’. பிசியில் வன்பொருளே கேச்சையும் டிஎம்ஏவையும் ஒத்திசைத்துக்கொள்கிறது, அதனால் இந்தக் கோளாறு அங்கே தலைகாட்டுவதே இல்லை.

தீர்வு: பஃபரைத் தனியாகக் கேமேலாக் செய்யுங்கள். ஸ்ட்ரக்டுக்குள்தான் வேண்டும் என்றால் கடைசி உறுப்பாக வைத்து, ஆர்ச்_டிஎம்ஏ_மினலைன் (டிஎம்ஏ பஃபருக்கான குறைந்தபட்ச எல்லை) அளவுக்கு அலைன் செய்யுங்கள். அப்போது தொடக்கமும் லைன் எல்லையில் விழும். ஸ்ட்ரக்டின் மொத்த அளவையும் கம்பைலர் அதே மடங்குக்கு நிரப்பிவிடுவதால் வாலிலும் யாரும் ஒட்ட மாட்டார்கள். தொடக்கத்தை மட்டும் அலைன் செய்து, பஃபருக்குப் பின்னால் ஸ்டேட்டை வைத்தால் அரைத் தீர்வுதான். எல்1 (முதல் நிலைக் கேச்) லைன் அளவுக்கு அலைன் செய்யும் மேக்ரோவும் போதாமல் போகலாம். 64 பிட் ஆர்மில் அது 64, மினலைன் 128.

அலைன்மென்ட் சரியான பிறகும் பழைய தரவு வந்தால் படிக்கும் வரிசையைப் பாருங்கள். அன்மேப் செய்த பிறகு, அல்லது டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியூ அழைத்த பிறகுதான் பஃபர் உங்கள் கைக்கு வருகிறது. இன்டரப்ட் வந்துவிட்டது என்பதற்காக அதற்கு முன் தொடக் கூடாது. நீங்கள் தொடாவிட்டாலும் செயலி ஊகத்தின்பேரில் முன்கூட்டியே லைன்களை இழுத்துவைத்திருக்கும். அவற்றைக் கழிப்பது இந்த அழைப்பின் வேலை. அதே பஃபரை மறுபடி சாதனத்துக்குத் தரும் முன் இதன் ஃபார்_டிவைஸ் வகையை அழையுங்கள்.

பிசியிலேயே இந்த வகைத் தவறுகளில் பலவற்றைப் பிடிக்க ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. கர்னல் கட்டளை வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற அளவுருவுக்கு ‘ஃபோர்ஸ்’ என்று கொடுங்கள். எல்லா டிஎம்ஏவும் ஒரு இடைப் பஃபர் வழியாகப் போகும். சிங்க் அழைக்காத இடத்தில் எல்லாம் பழைய தரவு பல்லிளிக்கும். கூடவே டிஎம்ஏ ஏபிஐ டீபக் தெரிவையும் போட்டுக் கர்னலைக் கட்டினால், மேப் செய்த அளவும் அன்மேப் செய்த அளவும் வேறுபட்டாலோ, மேப்பிங் பிழையைச் சோதிக்காமல் விட்டாலோ லாகில் எச்சரிக்கும்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் வைத்துவிட்டால்?

பதில்: ஓடும். ஆனால் ஒத்திசைவு இல்லாத ஆர்ம் போர்டில் அது கேச் செய்யப்படாத நினைவகம். அதிலிருந்து ஒரு பெரிய ஃபிரேமைச் செயலி நகலெடுத்தால் ஒவ்வொரு படிப்பும் நேராக நினைவகம்வரை போய் வரும். டிஸ்கிரிப்டர் வளையம் (பஃபர்களின் முகவரி, நீளம் எழுதிய பட்டியல்), நிலைச் சொற்கள் போல இரு தரப்பும் ஓயாமல் தொடுபவற்றுக்குக் கோஹெரன்ட்; தரவுக்கு மேப், அன்மேப்.

கேள்வி: 500 மில்லிசெகண்ட் காத்திருந்து பதில் வராவிட்டால் டெர்மினேட் செய்து பஃபரை விடுவிக்கிறேன். அரிதாக, விடுவித்த நினைவகத்தைக் கால்பேக் தொட்டதாகக் கேசான் (கர்னலின் நினைவகப் பிழை கண்டறியும் கருவி) சொல்கிறது.

பதில்: டிஎம்ஏஎஞ்சின்_டெர்மினேட்_அசிங்க் திரும்பிவந்ததும் எல்லாம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்தச் சொல்லியாகிவிட்டது, அவ்வளவே. அந்தக் கணத்தில் இன்னொரு கோரில் கால்பேக் பாதி ஓடிக்கொண்டிருக்கலாம். பஃபரை அன்மேப் செய்யும் முன், விடுவிக்கும் முன், டிஎம்ஏஎஞ்சின்_சிங்க்ரனைஸ் அழைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது டெர்மினேட்_சிங்க். பழைய டெர்மினேட்_ஆல் கைவிடப்பட்டது. அதைப் பார்த்தால் மாற்றிவிடுங்கள்.

சிங்க்ரனைஸ் காத்திருக்கக்கூடிய ஃபங்ஷன். இன்டரப்டிலோ ஸ்பின்லாக் பிடித்தபடியோ அழைக்கக் கூடாது. கால்பேக்குக்குள்ளிருந்து அழைத்தால் தானே முடிவதற்குத் தானே காத்திருக்கும். கால்பேக் எடுக்கிற அதே மியூட்டெக்ஸைப் (தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்தபடி சிங்க்ரனைஸ் அழைக்கும் கோடையும் சிலர் எழுதுகிறார்கள். கால்பேக் பெரும்பாலும் டாஸ்க்லெட்டில் (தூங்கக் கூடாத சூழல்) ஓடுவது, அங்கே மியூட்டெக்ஸ் எடுப்பதே முதல் தவறு.

கால்பேக்கிலிருந்து நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே அசிங்க் மட்டும் அழைத்துவிட்டு, சிங்க்ரனைஸையும் விடுவிப்பதையும் வொர்க் க்யூவுக்குத் (பிறகு, காத்திருக்கக்கூடிய சூழலில் ஓடும் வேலை வரிசை) தள்ளுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: சாதனம் டிஎம்ஏ கோரிக்கை எழுப்புவதை நிறுத்துதல், டெர்மினேட், சிங்க்ரனைஸ், அன்மேப், விடுவித்தல். சேனலைத் திருப்பித் தருவது எல்லாவற்றுக்கும் கடைசி.

கேள்வி: யூஆர்டியில் எத்தனை பைட் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. 4,096 பைட் சைக்ளிக் (சுற்றிச் சுற்றி எழுதப்படும்) பஃபர், 1,024 பைட்டுக்கு ஒரு கால்பேக் என்று வைத்தேன். 20 பைட் கட்டளை வந்தால் அது பஃபரிலேயே தங்கிவிடுகிறது.

பதில்: 1,024 நிரம்பினால்தானே கால்பேக். 1,15,200 வேகத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட் என்ற கணக்கில், நொடிக்கு 11,520 பைட். ஓயாமல் வந்தாலும் 1,024 நிரம்பச் சுமார் 89 மில்லிசெகண்ட் ஆகும். 20 பைட்டோடு நின்றுபோனால் நிரம்பவே நிரம்பாது. ஆகவே யூஆர்டியின் ‘லைன் சும்மா இருக்கிறது’ இன்டரப்டையும் இயக்குங்கள். அது வந்ததும் டிஎம்ஏஎஞ்சின்_டிஎக்ஸ்_ஸ்டேட்டஸ் கேட்டால் ரெசிட்யூ, அதாவது பஃபரின் முனைவரை இன்னும் மீதமுள்ள பைட் எண்ணிக்கை கிடைக்கும். ரெசிட்யூ 3,000 என்றால் கன்ட்ரோலர் எழுதிய இடம் 4,096 கழித்தல் 3,000, அதாவது 1,096. நீங்கள் கடைசியாகப் படித்த இடம் 1,076 என்றால் நடுவில் உள்ள 20 பைட்தான் புதியது. எழுதிய இடம் படித்த இடத்தைவிடச் சிறியதாக இருந்தால் வளையம் ஒரு சுற்று வந்துவிட்டது. முனைவரை ஒரு துண்டு, தொடக்கத்திலிருந்து ஒரு துண்டு என்று இரண்டாக எடுங்கள். கால்பேக்கிலும் இதே கணக்கைப் போடுங்கள்; ‘கால்பேக் வந்தால் 1,024’ என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் சும்மா-லைன் இன்டரப்ட் ஏற்கெனவே எடுத்ததை மறுபடி எடுப்பீர்கள்.

இதற்கெல்லாம் முன்பாக டிஎம்ஏ_கெட்_ஸ்லேவ்_கேப்ஸ் அழைத்து, ரெசிட்யூ எவ்வளவு நுணுக்கமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். ‘பர்ஸ்ட்’ என்றால் நல்லது. ‘செக்மென்ட்’ என்றால் 1,024-க்கு ஒரு முறைதான் எண் நகரும், உங்கள் 20 பைட்டுக்கு உதவாது. ‘டிஸ்கிரிப்டர்’ என்றால் முடிந்ததா இல்லையா என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட கன்ட்ரோலரில் பெறும் பக்கத்துக்கு டிஎம்ஏ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இன்டரப்டும் ஃபிஃபோவும் போதும்.

கேள்வி: ‘எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பஃபர் நிறைந்துவிட்டது’ என்று லாகில் வருகிறது. அளவைக் கூட்டினால் சில மணி நேரம் தள்ளிப்போகிறது, பிறகு மறுபடி வருகிறது.

பதில்: தள்ளிப்போகிறது என்று நீங்கள் சொல்வதே விடையைக் காட்டுகிறது. எங்கோ மேப் செய்ததை அன்மேப் செய்யாமல் விடுகிறீர்கள். சாதனம் எட்ட முடியாத உயரத்தில் பஃபர் இருந்தால் கர்னல் தாழ்ந்த முகவரியில் ஒரு நகல் பஃபர் வைத்து அதன் வழியாக அனுப்பும். அதற்கு ஒதுக்கிய இடம் இயல்பாக 64 எம்பி, 2 கேபி துண்டுகளாக 32,768. செய்தியிலேயே மொத்தத் துண்டும் பயன்பாட்டில் உள்ள துண்டும் அச்சாகும். பயன்பாடு மொத்தத்தை ஒட்டி நின்றால் கசிவைத் தேடுங்கள். பிழை வழியில் அன்மேப் செய்யாமல் திரும்பும் இடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். பயன்பாடு குறைவாக இருந்தும் செய்தி வந்தால் ஒரே தடவையில் மிகப் பெரிய துண்டு கேட்கிறீர்கள். ஒரு மேப்பிங்குக்கு 256 கேபி உச்சவரம்பு. டிஎம்ஏ_மேக்ஸ்_மேப்பிங்_சைஸ் அழைத்து அதற்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் சாதனத்துக்கு இந்த நகல் வழியே தேவையா? 64 பிட் முகவரி தெரிந்த சாதனமாக இருந்தும் டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரன்ட் அழைக்காமல் விட்டால் கர்னல் 32 பிட் என்றே வைத்துக்கொள்ளும். 4 ஜிபிக்கு மேலுள்ள ஒவ்வொரு பஃபரும் நகலாகிக்கொண்டிருக்கும். இன்னொன்று: மேப்பிங் தோற்றால் பூஜ்யம் வராது, எல்லாப் பிட்டும் 1 ஆன மதிப்பு வரும். டிஎம்ஏ_மேப்பிங்_எரர் கொண்டே சோதிக்க வேண்டும்.

கேள்வி: சிதறிக் கிடக்கும் துண்டுகளை மேப் செய்யும் டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி-க்கு 12 துண்டு கொடுத்தேன், 9 திரும்ப வந்தது. மூன்று எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை. அடுத்தடுத்து அமைந்த துண்டுகளை ஒட்டவைத்து 9 ஆக்கியிருக்கிறது. சாதனத்துக்கு நிரல் எழுதும்போது 9, அன்மேப் செய்யும்போது பழைய 12. இந்த இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே டிஎம்ஏ_மேப்_எஸ்ஜிடேபிள் வந்தது. புதிய கோடில் அதையே எழுதுங்கள்.

கேள்வி: டிஸ்கிரிப்டர் வளையத்தில் முகவரி, நீளம், ‘சொந்தம்’ பிட் (டிஸ்கிரிப்டர் இப்போது சாதனத்துடையதா, டிரைவருடையதா என்பது) மூன்றையும் சரியான வரிசையில்தான் எழுதுகிறேன். வாலடைல் கூடப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சாதனம் எப்போதாவது பழைய முகவரிக்குத் தரவை எழுதுகிறது.

பதில்: வாலடைல் கம்பைலரைத்தான் கட்டும், செயலியைக் கட்டாது. ஆர்ம் போன்ற செயலிகளில் சொந்தம் பிட், முகவரிக்கு முன்பே நினைவகத்தை எட்டலாம். முகவரியும் நீளமும் எழுதிய பின் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி (எழுத்துகளின் வரிசையைக் காக்கும் தடுப்பு), அதன் பின் சொந்தம் பிட். திரும்பிவரும் வழியில், பிட் உங்களுடையதாகிவிட்டது என்று கண்டபின் டிஎம்ஏ_ஆர்எம்பி (படிப்புக்கான அதே தடுப்பு), பிறகுதான் நீளத்தைப் படிக்க வேண்டும். கடைசியில் சாதனத்தைத் தட்டியெழுப்ப, சாதன ரெஜிஸ்டரில் எழுதும் ரைட்எல். அதற்கு முந்தைய நினைவக எழுத்துகள் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற உறுதி ரைட்எல்லுக்கு உண்டு, ரைட்எல்_ரிலாக்ஸ்டுக்குக் கிடையாது.

கேள்வி: மாட்யூலை இறக்கும்போது மட்டும் டிஎம்ஏஆர் ஃபால்ட் (அனுமதியில்லாத முகவரியைச் சாதனம் தொட்ட பிழை) என்று ஐஓஎம்எம்யூ கத்துகிறது. ஐஓஎம்எம்யூவை அணைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பதில்: பிரச்சினை இல்லாமல் போகவில்லை, சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. உங்கள் பிசிஐ சாதனம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. ஐஓஎம்எம்யூ இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை அடுத்து யார் வாங்கினார்களோ அவர்கள் தரவின் மேல் எழுதும்.

ரிமூவ் ஃபங்ஷனில் முதலில் சாதனத்தின் நிறுத்து ரெஜிஸ்டரில் எழுதுங்கள். பிசிஐ எழுத்து வழியில் தேங்கி நிற்கக்கூடியது, ஆகவே அதே சாதனத்தின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படித்து அதைத் தள்ளிவிடுங்கள். ‘நின்றுவிட்டேன்’ என்ற நிலைப் பிட் வரும்வரை, நேர வரம்போடு, பாருங்கள். பிறகு இன்டரப்டை விடுவித்து, அன்மேப் செய்து, நினைவகத்தை விடுவியுங்கள். டெவ்எம் வகை (வாங்கியதைக் கர்னலே பிறகு விடுவிக்கும்) ஃபங்ஷனால் இன்டரப்ட் வாங்கியவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். அந்த இன்டரப்ட், ரிமூவ் முடிந்து திரும்பிய பிறகே விடுபடும். நீங்களோ ரிமூவுக்குள்ளேயே பஃபரைக் கையால் விடுவித்துவிட்டீர்கள். இடையில் ஒரு இன்டரப்ட் வந்தால், விடுவிக்கப்பட்டு இல்லாமல்போன பஃபரை ஹேண்ட்லர் தொடும். ஒன்று இரண்டையும் டெவ்எம் வழியில் விடுங்கள், இன்டரப்டைப் பஃபருக்குப் பின் வாங்கியிருந்தால் அது முதலில் விடுபடும். அல்லது இரண்டையும் கையாலேயே செய்யுங்கள்.

தேடும்போது ஐஓஎம்எம்யூ ஸ்ட்ரிக்ட் அளவுருவை 1 ஆக வையுங்கள். சோம்பல் முறையில் அன்மேப் செய்த முகவரி சற்று நேரம் உயிரோடிருக்கும், அதற்குள் நடந்த தவறுகள் தப்பிவிடும்.

கேள்வி: இயங்குதளப் பாடத்துக்காக எமுலேட்டரில் பழைய பிசிகளின் ஐஎஸ்ஏ பஸ் டிஎம்ஏவை ஓட்டிப் பார்க்கிறேன். 20,000 பைட் பஃபரில் முதல் 11,072 சரியாக வருகின்றன, மீதி காணோம். எந்தக் கணக்கு இது?

பதில்: உங்கள் பஃபர் 1,20,000 என்ற பௌதிக முகவரியில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த டிஎம்ஏவை நடத்தும் 8237 சிப்பின் முகவரி எண்ணி 16 பிட். மேலே உள்ள 8 பிட்டைத் தனியான பக்க ரெஜிஸ்டர் தருகிறது, அது தானாக அதிகரிக்காது. 65,536 முதல் 1,31,071 வரை ஒரு பக்கம். 1,20,000-இல் தொடங்கினால் எல்லைவரை 11,072 பைட்தான் இடம். அதன் பின் எண்ணி பூஜ்யமாகிப் பக்கத்தின் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். காணாமல்போன 8,928 பைட்டும் 65,536 முதல் 74,463 வரை யாருடைய தரவின் மேலோ உட்கார்ந்திருக்கும். 0 முதல் 3 வரையான 8 பிட் சேனல்களுக்கு 64 கேபி எல்லை. 5 முதல் 7 வரையான 16 பிட் சேனல்களுக்கு 128 கேபி. மொத்தத்தில் 24 பிட், அதாவது பஃபர் முதல் 16 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

நேராகப் போர்ட்டில் எழுதுகிறீர்கள் என்றால் வரிசை: சேனலை மூடு, ஃபிளிப்-ஃபிளாப்பை (அடுத்து வருவது கீழ் பைட்டா மேல் பைட்டா என்று நினைவில் வைக்கும் பிட்) அழி, மோடு, முகவரியின் கீழ் பைட், மேல் பைட், பக்கம், எண்ணிக்கையின் கீழ் பைட், மேல் பைட், சேனலைத் திற. ஃபிளிப்-ஃபிளாப்பை அழிக்காவிட்டால் கீழும் மேலும் இடம் மாறிவிடும். எண்ணிக்கையில் ஒன்று குறைத்து எழுதுங்கள்: 20,000-க்கு 19,999. லினக்ஸின் செட்_டிஎம்ஏ_கவுண்ட் இதைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்களும் குறைத்தால் கடைசி பைட் வராது. இந்த வரிசை முழுவதும் கிளெய்ம்_டிஎம்ஏ_லாக் பிடித்தபடி நடக்க வேண்டும், ஏனென்றால் ஃபிளிப்-ஃபிளாப் சேனலுக்கு ஒன்றல்ல, சிப்புக்கு ஒன்று. 4-ஆம் சேனலைக் கேட்காதீர்கள். இரண்டு 8237 சிப்புகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பு அது.

கேள்வி: /ப்ராக்/டிஎம்ஏ பார்த்தால் ‘4: கேஸ்கேட்’ என்ற ஒரே வரி. என் கன்ட்ரோலரின் 32 சேனல்கள் எங்கே?

பதில்: அந்தக் கோப்பு மேலே சொன்ன பழைய ஐஎஸ்ஏ சேனல்களுக்கு மட்டும். உங்களுடையவை /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஏ அடைவில் டிஎம்ஏ0சேன்0, டிஎம்ஏ0சேன்1 என்று இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ‘இன்_யூஸ்’ கோப்பு உண்டு. எந்தச் சேனலை எந்த டிரைவர் வாங்கியிருக்கிறது என்று பெயரோடு பார்க்க, டீபக்எஃப்எஸ்ஸை (கர்னலின் பிழைதேடல் கோப்பமைப்பு) மவுண்ட் செய்து டிஎம்ஏஎஞ்சின் அடைவில் உள்ள ‘சம்மரி’ கோப்பைப் படியுங்கள்.